பெரிய ஓட்டை

அவர் பேர் ஓ.
முன்னாலும் பின்னாலும் இன்னும் என்னவோ உண்டு,
என் நாக்கில் நின்றது ஓ மட்டும்.
கப்பலில் ரெண்டாவது ஆபீசர்.
எண்ணூர் துறைமுகத்தில் காரேற்ற வரும் எங்களை
சரிவுப் பாலத்தடியில் நின்று எண்ணுவார்,
ஆளுக்கு ஒரு சின்னத் தலையசைப்பு.

இந்த வேலைக்கு பட்டன் கூடாது, பெல்ட் கூடாது,
புதுக் காரில் கீறல் விழும்.
மோதிரத்தைக் கழற்று என்றார் சூப்பர்வைசர்.
கவலையே படாதீங்க சார்,
போன ஆடியிலேர்ந்து அது சேட்டுக் கடையில பத்திரமா இருக்கு.

நாலாவது தட்டு.
காருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.
கதவைப் பாதி திறந்து, மூச்சை உள்ளிழுத்து,
உறையிலிருந்து கடுதாசி எடுக்கிற மாதிரி
என்னை நானே உருவிக்கொள்ள வேண்டும்.
அன்றைக்கு அறுபத்தோரு முறை உருவியிருந்தேன்.

மத்தியானம் மூன்று. நாக்கில் சாம்பல் நெறிக்கும் காற்று.
குளிர் அறையிலிருந்து ஓடி வந்தார் ஓ,
கையில் ஈரத் துண்டு, துண்டுக்குள்
மாவு தூவின வெள்ளைக் குச்சிகள், சாக்பீஸ் போல.
"யொத்" என்றார்.
அரிசி, முளைகட்டின பார்லி என்று
போனைத் தட்டித் தமிழில் காட்டினார்.
காய்ச்சி, இழுத்து, மடித்து, இழுத்து,
இழுக்கும்போது உள்ளே போன காற்று
வெளியே வர வழி தெரியாமல்
அங்கேயே குடியிருந்துவிடுமாம்.
"நம்ம ஜவ்வு மிட்டாய்க்கு சகலப்பாடி" என்றார் செங்கேணி.

விளையாட்டு இதுதான்:
ஆளுக்கொரு குச்சி. படக்கென்று ஒடி.
ஒடித்த இடத்தில் ஊது.
யாருடையது பெரிய ஓட்டையோ அவர் ஜெயித்தார்.
சீக்கிரம், சீக்கிரம் என்றார் கையால்,
எங்கள் வெயிலில் அது ஒடியாது, வளைந்துவிடும்.

"இன்னா கேமு இது, ஓட்டைக்கா பரிசு?
எர்ணாவூர் வந்து எங்கூட்டுக் கூரையப் பாக்கச் சொல்லு இவர."

பாபுஜானுக்கு ஊசி குத்தின மாதிரி மூன்று.
டெய்சிராணிக்கு உளுந்தளவு, நடுவில் சுவர் வைத்து ரெண்டு.
எனக்கு மிளகு. கண்ணில் வைத்துப் பார்த்தேன்,
கொஞ்சம் கடல் தெரிந்தது.
ஓவுக்கு ஒன்றுமே இல்லை. கெட்டி.
எத்தனை முறை ஊதியும் கெட்டி.
பேரைச் சொன்னாலே வாய் வட்டமாகிற மனுஷனுக்கு!
எட்டு மாதக் கடலில் அவருக்கு என்ன குறைந்தது,
யார் குறைந்தார்கள்,
கேட்க என்னிடம் பாஷை இல்லை.
குச்சியை நீட்டிக் காட்டி
இடுப்பு வரை குனிந்து தோற்றார்.

பிறகு தின்றோம்.
முதலில் கல். அப்புறம் கோந்து.
அதற்கும் அப்புறம் வறுத்த சோற்று வாசம்,
அடிப்பிடித்த பொங்கல் பானையைச் சுரண்டின மாதிரி.
மேல்தாடை கீழ்த்தாடையை விடவில்லை.
ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை, டெய்சிராணிகூட.

அப்போதுதான் செங்கேணி ஒரு சத்தம் போட்டார்.
கட்டியை வெளியே இழுத்தார், கூடவே வந்தது
ராயபுரத்தில் நாலாயிரம் கொடுத்து மாட்டின பல் மூடி,
மூக்குத்தியில் கல் பதித்த மாதிரி
மிட்டாயில் உட்கார்ந்துகொண்டு.

ஓ வெளுத்துப் போனார். குனிந்தார்.
மறுபடி குனிந்தார். பர்ஸை எடுத்தார்.
செங்கேணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு
ஒற்றை விரலால் உதட்டை விலக்கி
கடைவாயை எங்களுக்குக் காட்டினார்:
"பாத்து சொல்லுங்க. இப்ப எவன் கெலிச்சான்?"

இதற்கு போனைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.
ஓ இரும்புத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு,
ரொம்ப நேரம், எங்களுக்குச் சிரிப்பு நின்ற பிறகும்.

கப்பல் ராத்திரியே போய்விட்டது.
செங்கேணி இன்னும் இடப்பக்கமே மெல்லுகிறார்.
மூடி தீப்பெட்டியில் இருக்கிறது, மிட்டாயோடு.
பிரிக்க முடியவில்லையாம்.

எனக்குக் கொடுத்த இன்னொரு குச்சியை
மகனுக்கென்று பட்டனில்லாத பையில் போட்டேன்.
தண்டையார்பேட்டை வருவதற்குள் அது துணியாகிவிட்டது.
ரெண்டு தடவை துவைத்தும் போகவில்லை.
கொடியில் தொங்கும் சட்டைப் பையை முகர்ந்து
"இதுல இன்னாம்மா இருந்துச்சு?" என்கிறான்.
அரிசி, பார்லி, கொஞ்சம் காத்து.
நம்பாமல் பைக்குள் கை விடுகிறான்.
எறும்புகள் நகர்ந்து வழி விடுகின்றன.